சாவி யாரிடம்?



அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் வழியில் உள்ள வறண்ட சிற்றூர்களில் ஒன்று எங்களுடையது. கண்மாயில் நீர் நிற்பது ஆண்டில் சில மாதங்களே. மற்ற நாட்களில் கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேல்தான். அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்துப் பிழைப்பவர்கள் பலர். அந்த விறகில்தான் எங்கள் பள்ளிவாசலின் நோன்புக் கஞ்சியும் வேகிறது. நெருப்போடு நெருங்கிப் பழகியவர்கள் நாங்கள். அதனாலேயே அதற்கு அஞ்ச மறந்திருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், பங்குனி வெயிலில் வந்த ரமலான் அது. பள்ளிவாசலை ஒட்டித் தென்னங்கீற்று வேய்ந்த கொட்டகையில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அஸர் தொழுகை முடிந்து, மாடியில் மதரஸாப் பிள்ளைகள் ஓதிக்கொண்டிருந்தார்கள். காற்று சுழன்றடித்தது. அடுப்பிலிருந்து ஒரு பொறி பறந்து கீற்றில் விழுந்தது. காய்ந்த கீற்று பற்றுவதற்கு எவ்வளவு நேரமாகும்? நாங்கள் குடத்தை எடுத்து ஓடி வருவதற்குள் கொட்டகை முழுவதும் எரிந்துகொண்டிருந்தது. புகை மாடிக்குள் புகுந்தது.

மாடிக்கு ஒரே படிக்கட்டு. அதன் அடியில் கம்பிக் கதவு. கதவில் பூட்டு. ஓதும் நேரத்தில் பிள்ளைகள் தெருவுக்கு ஓடிவிடக் கூடாது என்று அதைப் பூட்டச் சொன்னவர்கள் நாங்களேதாம். சாவி மோதினாரிடம் இருந்தது. மோதினாரோ நோன்பு திறப்புக்குப் பேரீச்சம்பழம் வாங்க அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார் ஒருவர் கடப்பாரையோடு ஓடி வந்து பூட்டை உடைத்தார். பிள்ளைகள் இருமிக்கொண்டே இறங்கினார்கள். அல்ஹம்துலில்லாஹ், ஒரு சிறுவனின் கையில் ஏற்பட்ட தீக்காயத்தைத் தவிர வேறு சேதமில்லை.

தீயணைப்பு வண்டி வந்து நின்றதும் நிலைய அலுவலர் முதலில் இறங்கினார். தண்ணீரைப் பீய்ச்சச் சொல்வார் என்று எதிர்பார்த்தோம். அவரோ எங்களை நோக்கி, "மேல எத்தனை பிள்ளைங்க இருந்தாங்க, பாய்? எத்தனை பேர் இறங்கியாச்சு?" என்று கேட்டார்.

ஒருவர் இருபத்தொன்று என்றார். மற்றொருவர் இருபத்து மூன்று என்றார். ஹஜ்ரத்தோ மயங்கிய நிலையில் திண்ணையில் சாய்ந்திருந்தார். கீழே நின்ற பிள்ளைகளை எண்ணினோம். இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். அலுவலர் ஒரு நொடி எங்களைப் பார்த்தார். பிறகு தம் வீரர்கள் இருவரைச் சுவாசக் கருவியுடன் அந்தப் புகைக்குள் அனுப்பினார்.

மேலே எவரும் இல்லை. இருபத்து மூன்றாவது பிள்ளை பயந்துபோய் நேராக வீட்டுக்கு ஓடியிருந்தான். பிள்ளைகளின் எண்ணிக்கையை எங்களால் சொல்ல முடியாததால், பிள்ளைகுட்டிக்காரர்களான இரண்டு பேர் தம் உயிரைப் பணயம் வைத்து உள்ளே போனார்கள். அவர்கள் திரும்பி இறங்கும் வரை அந்த அலுவலர் படிக்கட்டின் அடியை விட்டு நகரவில்லை.

அன்று அவர் ஒரு முறைகூடக் குழாயைக் கையில் பிடிக்கவில்லை. "இவர் சும்மா நிற்கிறாரே" என்று எங்களில் சிலர் முணுமுணுத்தார்கள். அவர் செய்தவற்றைப் பின்னர் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தபோதுதான் வெட்கப்பட்டோம். மின் இணைப்பைத் துண்டிக்கச் செய்தார். அருகிலிருந்த சமையல் எரிவாயு உருளைகளை அகற்றச் செய்தார். காற்றின் திசை பார்த்து வண்டியை நிறுத்தினார். கூட்டத்தைத் தெருமுனைக்கு அனுப்பினார். வண்டியில் வந்த நீர் ஏறத்தாழ 4,500 லிட்டர். முழு வேகத்தில் விட்டால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அது தீருமுன்பே அடுத்த நீருக்கு எந்தத் தோட்டத்துக் கிணறு என்பதை அவர் அறிந்திருந்தார். அந்தக் கிணற்றில் நீர் கிடக்கிறது என்பது எங்களில் பலருக்கே தெரியாது.

கூட்டத்தை விரட்டியதற்காக அவர்மீது கோபப்பட்ட இளைஞர்களும் இருந்தார்கள். ஆனால் எங்கள் விருதுநகர் மாவட்டம் அதை மறக்கலாகாது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை எரிந்தபோது சுமார் 40 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்கள் அல்லர். உதவ ஓடியவர்களும் பார்க்கக் கூடியவர்களும் அடுத்தடுத்த வெடிப்புகளில் சிக்கினார்கள். நல்ல எண்ணத்தோடு ஓடியவர்களையும் நெருப்பு விட்டுவைக்கவில்லை. மேற்பார்வை அலுவலர் முதலில் ஒரு எல்லை வகுப்பது இதற்காகத்தான்.

மறுநாள் லுஹருக்குப் பின் அவர் மீண்டும் வந்தார். முத்தவல்லியும் நாங்களும் அவரோடு அமர்ந்தோம். தீ எங்கே தொடங்கியது என்று எழுதிக்கொண்டார். பிறகு பூட்டு உடைந்த கம்பிக் கதவைக் காட்டிக் கேட்டார்: "இந்தச் சாவி யார் பொறுப்பு, பாய்?"

"ஜமாஅத் பொறுப்பு, சார்" என்றார் முத்தவல்லி.

"ஜமாஅத்துன்னா எல்லாரும். எல்லாரும் பொறுப்புன்னா யாரும் பொறுப்பில்லைன்னு அர்த்தம். எனக்கு ஒரு ஆள் பேரு சொல்லுங்க."

எங்களால் சொல்ல முடியவில்லை.

பிறகு அவர் தம் வேலையைப் பற்றிச் சொன்னார். தீயை அணைப்பது அதில் சிறு பங்குதானாம். ஒவ்வொரு நாளும் வருகைக் கணக்கு எடுக்க வேண்டும். வண்டியின் இயந்திரத்தையும் நீரேற்றும் பம்பையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். குழாயில் கிழிசல் உண்டா என்று பார்க்க வேண்டும். கோடையில் எந்தக் கிணறு வற்றியது, எந்தப் பாதை அடைபட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். தீபாவளிக்கு முன் பட்டாசுக் கடைகளையும், மற்ற நாட்களில் ஆலைகளையும் பள்ளிகளையும் பார்வையிட வேண்டும். கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குவதும் அவர்கள் வேலைதான். "உள்ளே போனவங்க எல்லாரும் வெளியே வந்தாச்சான்னு எண்ணிப் பார்க்கிறது என் வேலை. அதை வேற யார்கிட்டயும் விட முடியாது" என்றார்.

அந்தப் பொறுப்பின் விலை என்ன என்பதைச் சென்னை அறியும். சேப்பாக்கத்து எழிலக வளாகத்தில் உள்ள கலச மகால், ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் 18ஆம் நூற்றாண்டு அரண்மனையைச் சேர்ந்தது. 2012 ஜனவரியில் அது தீப்பிடித்தபோது கூரை இடிந்து, தீயணைப்புத் துறையின் அன்பழகன் உயிரிழந்தார். உடனிருந்து பணியை வழிநடத்திய அலுவலர் பிரியா ரவிச்சந்திரன் தீக்காயமுற்றார். 2020 தீபாவளியன்று அதிகாலையில் மதுரை விளக்குத்தூண் அருகே துணிக்கடைத் தீயை அணைக்கச் சென்ற இரு வீரர்கள், பழைய கட்டடம் இடிந்து இறந்தார்கள். நாம் கவனியாமல் விட்ட ஒன்றுக்காக உள்ளே போகிறவர்கள் இவர்கள்.

பூட்டிய கதவைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று எங்களிடமிருந்து வெகுதொலைவில் இல்லாத ஏர்வாடியில், மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் அங்கே கருகினார்கள். கட்டியவர்களும் பாதுகாப்புக்காகவே கட்டியதாகச் சொல்லியிருப்பார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொன்றது. கீற்று, அடுப்பு, மாடி, ஒரே வழி, பிள்ளைகள் என எல்லாமே எங்கள் பள்ளிவாசலிலும் இருந்தன. அவற்றோடு நாங்கள் ஒரு பூட்டையும் சேர்த்திருந்தோம்.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு எரிந்த செய்தி கேட்டு, நெருப்பு உங்கள் பகையாளி, உறங்கப் போகும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற பொருள்பட நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதைப் புகாரியில் காண்கிறோம். ஒவ்வொருவரும் மேய்ப்பர், தம் மந்தையைப் பற்றிக் கேட்கப்படுவர் என்ற நபிமொழியையோ எத்தனை ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம்! ஒவ்வொருவரும் என்றுதான் அதில் இருக்கிறது. அதை ஊர்ப் பொதுவாக்கி, தனியாளின் தோளிலிருந்து இறக்கிவைத்தவர்கள் நாங்கள். அமானிதத்திற்கு ஒரு பெயர் வேண்டும் என்பதை, காக்கி உடுத்த சகோதர சமயத்தவர் ஒருவர் வந்து எங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது.

இப்போது கஞ்சிக் கொட்டகை மதரஸாவை விட்டுத் தள்ளி, தகரக் கூரையோடு நிற்கிறது. அடுப்பின் பக்கத்தில் மணல் வாளிகளும் நீர் நிறைந்த தொட்டியும் உண்டு. மாடிக்கு இரண்டாவது படிக்கட்டு கட்டியிருக்கிறோம். கம்பிக் கதவில் தாழ்ப்பாள் மட்டுமே இருக்கிறது, பூட்டு இல்லை. ஹஜ்ரத் தினமும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கீழே கரும்பலகையில் எழுதுகிறார். 101, 112 என்ற எண்களும் அங்கே உண்டு. அவற்றின் கீழே அந்த மாதப் பொறுப்பாளரின் பெயர் இருக்கிறது. ஜமாஅத் என்று எழுதுவதில்லை, ஒரு மனிதரின் பெயரை எழுதுகிறோம்.

உங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்கு இன்று மக்ரிபுக்குச் செல்லும்போது மாடிக் கதவைப் பாருங்கள். அதன் சாவி யாரிடம் என்று கேளுங்கள். பதில் சொல்ல எவரும் தயங்கினால், அந்தப் பொறுப்பை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளை நெருப்பிலிருந்து காப்பாயாக. அவர்களுக்காக நெருப்புக்குள் செல்வோரையும் நலமாக வீடு சேர்ப்பாயாக. ஆமீன்.