கடைத்தெருக்காரர்களுக்கு ஒரு நன்றி மடல்

பினாங்குக் கடைத்தெருவிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் தொழில் செய்யும் அண்ணன்மார், அக்காமார், பாய்மார் அனைவருக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரியும், பெயர் தெரியாது. தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவுக்காரக் கூட்டம் ஒன்றை வெயிலில் பின்னால் இழுத்துக்கொண்டு, கோபுரத்தைக் காட்டிப் பேசிக்கொண்டே போவானே ஒரு பட்டர்வொர்த்துக்காரன், அவன்தான் நான். ஃபெர்ரி ஏறினால் அக்கரை என்கிற தூரத்தில் வீடு இருப்பதால், வருகிறவர்களுக்கு ஜார்ஜ்டவுனைச் சுற்றிக் காட்டும் வேலை எங்கள் குடும்பத்தில் என் தலையில் விழுந்துவிட்டது. ஊர் திரும்பும்போது எல்லாரும் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதில் பெரும்பங்கு உங்களுக்குச் சேர வேண்டியது. உரியவர்களிடம் ஒப்படைத்துவிடலாம் என்றுதான் இந்த மடல்.

வருகிறவர்கள் பட்டியலோடுதான் வருவார்கள். கொடிமலை ரயில், கெக் லோக் சி கோயில், ஆர்மீனியன் தெருச் சுவரில் சைக்கிள் ஓட்டும் இரண்டு பிள்ளைகள். அந்தச் சுவரோவியத்தை லித்துவேனியாக்காரர் எர்னஸ்ட் சகாரெவிச் 2012இல் வரைந்தார். பிள்ளைகள் ஓவியம், சைக்கிள் நிஜம். அதோடு படம் எடுத்துக்கொள்ள எப்போதும் ஒரு வரிசை. ஓவியத்தின் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. வெயிலில் வரிசையில் நின்று அரை நிமிடம் பார்க்கிற எதற்கும் எனக்குப் பொறுமை குறைவு, அவ்வளவுதான். ஆனால் ஊருக்குப் போன பிறகு தொலைபேசியில் யாரும் அந்தச் சைக்கிளை விசாரித்ததில்லை. "அந்தப் பூக்கார அக்கா நல்லா இருக்காங்களா?" என்றுதான் கேட்கிறார்கள்.

அக்கா, அதனால் உங்களிடமிருந்தே தொடங்குகிறேன். ஐந்தடி நடைபாதையில் ஒரு மேசை, மேலே கம்பியில் தொங்கும் மாலைகள், காலடியில் ஈரத்துணி போர்த்திய கூடை. பூக்கட்டுவதைப் பார்த்தறியாதவர் இல்லை என் சித்தி. ஆனாலும் உங்கள் முன்னால் வந்து அசையாமல் நின்றுவிட்டார். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், நூலை விரலில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விட்டு ஓர் இழுப்பு. அத்தனையும் நடக்கும்போது உங்கள் கண் பூவில் இல்லை. சாமான் இறக்க வழியை அடைத்துக்கொண்டு நின்ற லாரியில் இருந்தது. லாரிக்காரரை மலாயில் அதட்டினீர்கள். பக்கத்துக் கடைச் சீனத்து அம்மாவிடம் ஹொக்கியனில் சில்லறை கேட்டீர்கள். அதே மூச்சில் சித்தியிடம் "எந்த ஊரும்மா நீங்க?" என்றீர்கள். விரல்கள் மட்டும் நிற்கவே இல்லை. சித்தி அறந்தாங்கிப் பக்கம் என்றதும், உங்கள் தாத்தாவும் அந்தப் பக்கம்தான் என்று ஒரு முழம் கூடுதலாக வெட்டிக் கொடுத்து, நீட்டிய வெள்ளியைத் தள்ளிவிட்டீர்கள். சித்தி ஊருக்குப் போய்ப் பினாங்கைப் பற்றிச் சொன்ன முதல் கதை அதுதான்.

இந்தத் தெரு யாரும் வேடிக்கை பார்ப்பதற்காக உண்டானதில்லை. 1786இல் பிரான்சிஸ் லைட் இங்கே கொடியேற்றி, வரியில்லாத் துறைமுகம் என்று அறிவித்ததும், சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்கள் வந்தார்கள், செட்டியார்கள் வந்தார்கள், மூட்டை சுமக்கிறவர்களும் படகு தள்ளுகிறவர்களும் வந்தார்கள். அவர்களுக்குச் சோறு போடக் கடை, கடன் கொடுக்கப் பினாங்குத் தெருவில் கிட்டங்கி, கும்பிடக் கோயில், தொழுகைக்குப் பள்ளிவாசல் என்று ஒவ்வொன்றாக முளைத்தன. 1969இல் வரியில்லாத் துறைமுகம் என்ற தகுதி போயிற்று. சரக்குக் கப்பல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அக்கரைக்கு, எங்கள் பட்டர்வொர்த்துக்கு, மாறின. மூட்டை தூக்குகிறவர்கள் போனால் அவர்களை நம்பி நடந்த கடைகளும் போயிருக்க வேண்டும். உங்கள் அப்பாமார் கதவைப் பூட்டவில்லை.

அதைவிடப் பெரிய அடி பிறகு விழுந்தது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்க 1997இல் முடிவாயிற்று. 2000 ஜனவரி 1 முதல் வாடகைக்குக் கட்டுப்பாடு இல்லை. தலைமுறை தலைமுறையாகச் சொற்ப வாடகையில் மாடியில் குடியிருந்து கீழே கடை நடத்தியவர்கள் ஆயிரக்கணக்கில் வெளியேறினார்கள். தச்சர், தகரப்பட்டறைக்காரர், தையற்காரர் என்று ஒவ்வொருவராகப் போக, தெருக்கள் காலியாயின. வீட்டுக்காரரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. பல வருடம் கூரை மாற்றக்கூடக் காணாத வாடகை அவருக்கு. ஆனாலும் அந்தப் பழைய வீடுகளில் எத்தனை இன்று காபிக் கடையாகவும் தங்கும் விடுதியாகவும் மாறி நிற்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அத்தனைக்கும் நடுவே உங்கள் மளிகைக் கடையில் இன்னும் மிளகாயும் மல்லியும் வாய் திறந்த சாக்குகளில் நிற்கின்றன. மசாலா வாசனை பிடித்துக்கொண்டே கடைத்தெருவுக்கு வழி கண்டுபிடிக்கலாம் என்று நான் உறவினர்களிடம் சொல்வது மிகைதான், ஆனால் ரொம்ப மிகையில்லை.

2008 ஜூலை 7 அன்று மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனையும் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. கட்டடங்களோடு, பல இனத்தாரும் பல மதத்தாரும் சேர்ந்து வாழும் மரபும் அந்த முடிவுக்குக் காரணம். வாழ்கிறவர்கள் கிளம்பிவிட்டால் அந்தக் காரணத்தில் பாதி போய்விடும் என்பதை நம் ஊரில் இன்னும் சிலர் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

என் அக்கா மகன் போலந்தில் வேலை பார்க்கிறான். அங்கே கிராகோவ் என்று ஒரு பழைய தலைநகரம். 1978இல் யுனெஸ்கோ வெளியிட்ட முதல் பட்டியலில் இருந்த 12 இடங்களில் அதுவும் ஒன்று. அந்த ஊர் மரியன்னை தேவாலயக் கோபுரத்திலிருந்து இரவு பகலாக மணிக்கொரு தரம் ஊதுகொம்பு ஒலிக்கும். நான்கு திசைக்கும் ஊதுவார்கள். பாட்டு ஒவ்வொரு முறையும் பாதியில் சட்டென்று நின்றுவிடும். ஊதுகிறவர் பாடகரோ நடிகரோ என்று நினைத்தேன். தீயணைப்புத் துறைக்காரராம், முறை போட்டு ஊதுகிறார்களாம். கீழே சதுக்கத்தில் உல்லாசப் பயணிகள் அண்ணாந்து பார்த்துக் கை அசைக்கிறார்கள். மேலே இருப்பவருக்கு அது அன்றைய வேலை. இதை அவன் சொன்னபோது எனக்கு உங்கள் நினைவுதான் வந்தது. நாங்கள் பார்க்க வருவதால் நீங்கள் எதையும் கூட்டியும் செய்வதில்லை, குறைத்தும் செய்வதில்லை.

பிட் தெருவில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் வாசலில் இருக்கும் பாய்க்குத் தனியாக ஒரு நன்றி. எங்கள் மாமா பையன் அரைக்கால் சட்டையோடு வந்து நின்றான். திருப்பி அனுப்புவீர்கள் என்று பார்த்தால், ஒரு நீள அங்கியை எடுத்துக் கொடுத்து, பொத்தானையும் நீங்களே போட்டுவிட்டு உள்ளே கூட்டிப்போனீர்கள். தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் 1801இல் எழுப்பிய பள்ளி அது. கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த 18 ஏக்கர் நிலம். அங்கேயிருந்து கொஞ்ச தூரத்தில் சீனர்களின் குவான் யின் கோயில், அதைத் தாண்டினால் 1818இல் கைதிகளின் உழைப்பில் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். இடையில் ஒரு சந்து திரும்பினால் குயீன் தெரு மகா மாரியம்மன். பாங்கும் மணியோசையும் ஊதுபத்திப் புகையும் பத்து நிமிட நடைக்குள் அடக்கம். சுற்றுலாப் புத்தகங்கள் இதற்கு 'நல்லிணக்கத் தெரு' என்று பெயர் வைத்திருக்கின்றன. உங்களுக்கு அது தினசரி போய்வருகிற தெரு.

தேவாலயத்துக்குப் போனபோது இன்னொன்று நடந்தது. அந்தத் தேவாலயத்துப் பாதிரியார் ராபர்ட் ஹட்சிங்ஸ்தான் 1816இல் பினாங்கு இலவசப் பள்ளியைத் தொடங்கியவர். தமிழ் வகுப்பும் அங்கேதான் தொடங்கியது. மலேசியத் தமிழ்க் கல்வியின் 200 ஆண்டு நிறைவை நாம் 2016இல் கொண்டாடியது அந்தக் கணக்கில்தான். எங்களோடு வந்திருந்த பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அதைக் கேட்டதும் மர நிழலில் உட்கார்ந்தவர் எழுந்து வர மறுத்துவிட்டார். அந்த வெயிலில் கிழவரை விட்டுப் போகாமல், டிரைஷாவை ஓரம் கட்டிவிட்டு அவருக்குத் துணையாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த அண்ணனை நான் மறக்கவில்லை. காத்திருந்த நேரத்துக்கும் காசு தருகிறேன் என்றேன். "கிழவனோட பேசினதுக்கா?" என்று சிரித்தீர்கள்.

மாரியம்மன் கோயிலில் பூசை பார்க்கிற சாமிக்கும் சொல்ல வேண்டும். 1801இலேயே தமிழர் தலைவர் பெட்டி லிங்கம் செட்டி பேரில் கொடுக்கப்பட்ட நிலம். 1833இல் கோயிலாக நிலைபெற்றது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களின் அம்மன். அன்றைக்கு எங்களுக்கு முன்னால் ஒரு வெளிநாட்டுக் கூட்டம், தீபாராதனை நேரத்தில் கருவறைக்கு நேராகக் கேமராவோடு நின்றது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. நீங்கள் தட்டோடு வெளியே வந்து, கேமராவை இறக்கச் சொல்லிக் கைகாட்டி, அவர்கள் கையிலும் திருநீற்றைப் போட்டு, எப்படி இட்டுக்கொள்வது என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினீர்கள். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேமராவைத் தூக்கவில்லை.

நாசி கண்டார் கடைப் பாய்மார்களுக்கு நான் பெரிய விளக்கம் எழுதப் போவதில்லை. பசியோடு எழுதினால் மடல் நீண்டுவிடும். தோளில் தடி போட்டு, ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் குழம்புமாகச் சுமந்து துறைமுகத்துக்காரர்களுக்கு விற்ற சாப்பாடு இது. உங்கள் கையில் அகப்பை போகிற வேகத்தில் மீன் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்பு எல்லாம் ஒரே சோற்றில் வந்து இறங்குகிறது. "குழம்பையெல்லாம் கலக்காதீங்க" என்று அலறிய எங்கள் அத்தை, முதல் கவளத்துக்குப் பிறகு "இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லு" என்றார். சைவச் சாப்பாட்டுக்காரர்கள் சிலர் எங்களோடு வந்தபோது, அடுத்த தெருவில் வாழையிலைச் சாப்பாடு போடும் கடைக்கு நீங்களே வழி சொல்லி அனுப்பினீர்கள். தன் கடை வாசலில் நிற்கிற வாடிக்கையாளரை இன்னொரு கடைக்கு அனுப்புகிற வியாபாரியை வேறு ஊரில் நான் அதிகம் பார்த்ததில்லை.

தைப்பூசத்தை மட்டும் நான் யாருக்கும் வாயால் சொல்லி விளக்குவதில்லை. முந்தின நாள் விடியுமுன்பே தேர் கிளம்பும் கோயில் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடுவேன். பினாங்குத் தெருவிலிருந்து வெள்ளித் தேர் தண்ணீர்மலைச் செட்டியார் கோயிலை நோக்கிக் கிளம்பும். 2017 முதல் தங்கத் தேரும் உண்டு. வழியெல்லாம் தேங்காய் மலையாகக் குவிந்திருக்கும். குவித்தவர்களில் சீனர்கள் ஏராளம். தேர் நெருங்கியதும் ஒரே சடசடப்பு. தேங்காய்த் தண்ணீர் வெள்ளமாக ஓட, பின்னாலேயே ஓடுகளை அள்ளுகிற வண்டி வரும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் வாயடைத்து நிற்கிற இடம் அது. விடிய விடிய வீட்டு வாசலில் பந்தல் போட்டு மோரும் பானகமும் கொடுத்தவர்களே, எங்கள் கூட்டத்துக் குழந்தை தூங்கிவிட்டபோது கடைக்குள் பாய் விரித்துப் படுக்கவைத்தவர்களே, மலைக்கோயிலின் 513 படிகளில் மூச்சு வாங்கி உட்கார்ந்த பெரியப்பாவுக்கு விசிறிவிட்ட தம்பிமாரே, உங்கள் யார் பெயரும் எனக்குத் தெரியாது. ஒவ்வொருவர் முகமும் தெரியும்.

இன்னும் சில்லறைக் கடன்கள் இருக்கின்றன. மழை கொட்டியபோது ஐந்தடியில் சாமான்களை ஒதுக்கி எங்களுக்கு நிற்க இடம் விட்டதற்கு. கழிவறைச் சாவியைக் கேட்காமலே நீட்டியதற்கு. இங்கே இருக்கிற நாகூர் தர்கா வாசலில் அத்தர் கடைப் பாய் ஒவ்வொரு சீசாவாகத் திறந்து எல்லார் மணிக்கட்டிலும் தடவிவிட்டதற்கு. அன்று முழுவதும் எங்கள் கார் கல்யாண வீடு மாதிரி மணந்தது. கடைசியாக, பாத்திரக் கடை அண்ணனுக்கு. ஏழு முகக் குத்துவிளக்குக்கும் ஐந்து முகத்துக்கும் என்ன வித்தியாசம், எது எந்த ஊர் வார்ப்பு, எதைப் புளி போட்டுத் தேய்க்கலாம் என்று எங்கள் கூட்டத்துக்கு நீங்கள் பொறுமையாகப் பாடம் எடுத்தீர்கள். கேட்டுவிட்டு எல்லாரும் "பெட்டியில எடை கூடிடும்" என்று சொல்லி ஒரு கரண்டிகூட வாங்காமல் இறங்கிப் போனார்கள். நீங்கள் முகம் சுளிக்கவில்லை, ஆனால் நான் சுளித்தேன். அடுத்து வருகிறவர்களிடம் பெட்டியில் பத்து கிலோ இடம் விட்டு வரும்படி இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அக்கரை பட்டர்வொர்த்திலிருந்து,
உங்கள் தெருவில் அடிக்கடி நடந்துபோகும் ஒருவன்