இரவும் இரவச்சமும்

திருக்குறளின் 'இரவச்சம்' என்னும் 107ஆம் அதிகாரத்தை வகுப்பிலே பல ஆண்டுகள் பெருமிதத்தோடு விளக்கியவன் நான். அதற்கு முன்னே 'இரவு' என்றோர் அதிகாரம் நிற்பதை நான் பொருட்படுத்தியதில்லை. 2022ஆம் ஆண்டு அதையும் படிப்பித்தது.

அவ்வாண்டு செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆயிற்று. மனைவியின் நகைகள் அடைவுக்குப் போயின. வட்டிக்கும் கடன் பட்டேன். இடைவேளையிலே, பசியில்லை என்று கூறி நூலகத்துள் ஒதுங்கினேன். கடனிலும் பார்க்க என்னை வருத்தியது, 'பட்டதாரி ஆசிரியன் கையேந்துவதா?' என்ற நாணமே.

ஒருநாள், மூத்த ஆசிரியர் ஒருவரிடம் யாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சற்றுநேரம் பேசவில்லை. பின்னர், "தம்பி, என்ரை மகளின்ரை காப்பும் அடைவிலைதான் கிடக்குது" என்றார்.

அடுத்த மாதம் எண்மர் சேர்ந்து சீட்டுப் பிடித்தோம். கழிவு கூறுவதில்லை, தேவை மிகுந்தவருக்கே முதற் சீட்டு. அது எனக்குக் கிடைக்கவில்லை. நாங்கள் பேசியதைக் கேட்டு அன்றுதான் வாய்திறந்த பாடசாலைச் சிற்றூழியருக்குச் சென்றது. என் முறை மூன்றாம் மாதம் வந்தது. கடன் முற்றாகத் தீரவில்லை; ஆனால் நான் நூலகத்துள் ஒளிப்பது நின்றது.

தகுந்தவரைக் கண்டால் கேட்கலாம், அவர் ஒளித்தால் பழி அவரதே என்றுதான் 'இரவு' தொடங்குகிறது. நாட்டின்மேல் விழுந்த சுமையை ஒவ்வொருவரும் தத்தம் குற்றமெனக் கருதி மறைப்பதனால் ஆதாயம் யாருக்கு? சுமத்தியவர்களுக்கே.

இப்பொழுது இரண்டு அதிகாரங்களையும் சேர்த்தே கற்பிக்கிறேன்.