“மண்ணிட்டு நிரப்பப்படும்” என்ற ஒரு வரி

யாழ்ப்பாணத்தில் கல்லகழ்வு பற்றிக் கதை வந்தால் இரண்டு குரல்கள்தான் கேட்கும். “வீடு கட்டக் கல் வேண்டாமோ?” என்பது ஒன்று. “ஊரையே தோண்டி விக்கிறாங்கள்” என்பது மற்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கடதாசி இருக்கிறது. அனுமதி கேட்டு எழுதும் விண்ணப்பம். அதை வாசிப்பவர்கள் குறைவு.

வலிகாமத்தில் எங்கள் நண்பி ஒருத்தியின் தோட்டத்துக்குப் பக்கத்துக் காணியில் சுண்ணக்கல் அகழ ஒருவர் விண்ணப்பித்திருந்தார். அதன் பிரதியை அவளுடைய அப்பா எங்களிடம் தந்து, “கம்பஸ் பிள்ளையள்தானே, வாசிச்சுச் சொல்லுங்கோ” என்றார். எத்தனை பரப்பு, எத்தனை அடி ஆழம், எத்தனை கியூப் கல், என்ன மெசின், எல்லாம் விபரமாக இருந்தது. நிலத்தடி நீருக்கு ஒரு வரி: “பாதிப்பு ஏற்படாது.” நிலத்தை மீளமைப்பதற்கு இன்னொரு வரி: “மண்ணிட்டு நிரப்பப்படும்.” அவ்வளவுதான்.

குடாநாட்டில் இந்த இரண்டு வரியும் போதாது. எங்களுக்கு வற்றாத ஆறு இல்லை; வழுக்கையாறும் மழைக்குத்தான் ஓடும். ஒக்டோபரில் இருந்து டிசம்பர் வரை பெய்கிற மழைதான் செம்மண்ணுக்குள்ளால் இறங்கி, சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்குகிறது. அதைத்தான் வருசம் முழுக்கக் குடிக்கிறோம், தோட்டத்துக்கு இறைக்கிறோம்.

அந்த நன்னீர், அடியில் உள்ள உவர்நீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. புவியியல் பாடக் கணக்கின்படி, கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். மேலே 1 மீற்றர் குறைந்தால் கீழே உவர் 40 மீற்றர் ஏறப் பார்க்கும். வெடிப்பு நிறைந்த எங்கள் கல்லில் கணக்கு இவ்வளவு சீராக வராது, ஆனால் போகிற திசை இதுதான். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறுகிறது. நிலத்துக்குக் கீழே தண்ணீர் வேலி பார்த்து நிற்பதில்லை.

ஆக, எங்கள் ஊரில் கல்லுதான் தண்ணீர்த் தொட்டி. நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டினால் தண்ணீர் வெயிலுக்குத் திறபட்டு ஆவியாகும். எண்ணெயும் அழுக்கும் மண்ணில் வடியாமல் நேரே போய்ச் சேரும். கல் எடுக்க வசதியாகக் கிடங்கை இறைத்தால் உவர் ஏறும். பிறகு மண் கொட்டினால் மேற்பரப்பு சமமாகும். தொட்டி திரும்பி வராது. அந்த மண்ணுக்கும் வேறெங்கோ ஒரு இடத்தைத் தோண்டத்தான் வேண்டும். மண் கிடைக்காவிட்டால் கிடங்குக்குள் என்ன போகும்? குப்பைதான்.

காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1990இல் யுத்தத்தோடு நின்றது. அதால் ஊருக்குச் சீமெந்தும் வேலையும் கிடைத்தது உண்மை. கல் எடுத்த பெருங்கிடங்குகள் இன்றும் கிடக்கின்றன. தோண்டுபவர் போன பிறகு நிரப்புவது யார் என்று முதலே எழுதாவிட்டால் இப்படித்தான் முடியும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் மற்றும் கனியங்கள் சட்டத்தின் கீழ் அகழ்வுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை வழங்குவது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம். குடியிருப்புக்கு 1 கிலோமீற்றருக்குள் இயந்திரத்தால் சுண்ணக்கல் அகழ்வது, 1993ஆம் ஆண்டின் வர்த்தமானிப்படி சுற்றாடல் அங்கீகாரம் தேவைப்படும் வேலைகளில் ஒன்று. முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்யப்பட்டால், அதை வாசித்துக் கருத்துச் சொல்ல மக்களுக்கு 30 நாள் உண்டு.

அந்த அப்பாவோடு இருந்து நாங்கள் எழுதிய கடிதத்தில் “தோண்டாதே” என்ற சொல் இல்லை. நாலு கேள்விகள் இருந்தன. மாரி முடிவிலும் கோடை முடிவிலும் நீர்மட்டம் எத்தனை அடியில் இருக்கிறது, கிடங்கின் அடி அதற்கு எவ்வளவு மேலே நிற்கும்? சுற்றியுள்ள கிணறுகளின் உவர்த்தன்மை தோண்ட முதல் அளக்கப்பட்டதா, எந்த அளவுக்கு ஏறினால் வேலை நிறுத்தப்படும்? எடுக்கிற செம்மண் எங்கே குவித்து வைக்கப்படும், கிடங்கு எதால் நிரப்பப்படும்? நிரப்பும் செலவுக்கு எவ்வளவு பிணைப்பணம் கட்டப்படும், விண்ணப்பதாரர் இடையில் விட்டுப் போனால் அந்தக் காசு போதுமா?

பதில் இன்னும் வரவில்லை. ஆனால் கடிதம் எழுதும்போது ஒரு சிக்கல் தெரிந்தது. அந்தக் கிணறுகள் இப்போது எப்படி இருக்கின்றன என்பதற்கு ஊரில் யாரிடமும் ஒரு பதிவும் இல்லை. நாளைக்குத் தண்ணீர் உவர்த்தால், “அது முதலே அப்படித்தான்” என்று சொல்லிவிடலாம். அதனால் இதை வாசிக்கிற பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறோம். மாதத்தில் ஒருக்கா உங்கள் வீட்டுக் கிணற்றுக்குள் கயிறு விட்டு, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்து திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பக்கத்துக் காணிக்கு மெசின் வந்த பிறகு எழுதத் தொடங்கினால் பிந்திவிடும்.