காய்ச்சல்

1986இல் எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து டீமில் நான் ஒருத்தன்தான் சேரிப் பையன். உயரம் இருந்தது, எகிறி ரீபவுண்டு எடுப்பேன், அதனால் சேர்த்துக்கொண்டார்கள். கேப்டன் என்னை 'மாப்ள' என்றுதான் கூப்பிடுவான். டீமில் எல்லாருமே எல்லாருக்கும் மாப்ளதான். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அந்த வார்த்தைக்கு நிஜ அர்த்தம் வந்தால் எத்தனை தலை உருளும் என்று எனக்குள்ளே ஒரு சிரிப்பு ஓடும்.

சனிக்கிழமை மேட்ச். கேப்டனுடைய ஊருக்குப் பக்கத்துக் கல்லூரியோடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிராக்டிஸ் முடிந்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது வந்தான்.

"மாப்ள, தப்பா நெனச்சுக்காத. நாளைக்கு மத்தியானம் எல்லாருக்கும் எங்க வீட்லதான் சாப்பாடு. தாத்தா இருக்காரு. யாரு எவருன்னு வெசாரிப்பாரு. நீ காச்சல்னு சாருகிட்ட சொல்லிரு."

சொன்னேன். பி.டி. சார் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். சுடவில்லை. "சரி, ரெஸ்ட் எடுடா" என்றார். அவருக்கும் தெரியும்.

பல வருசம் கழித்து ஒரு போட்டோ அந்த ராத்திரியைத் திரும்ப என்முன் கொண்டுவந்து நிறுத்தியது. அமெரிக்காவில் ஒரு கூடைப்பந்து மைதானம். ஒரு வெள்ளைப் பையனும் ஒரு கறுப்புப் பையனும் கை கொடுத்துக்கொள்கிறார்கள். 1963 மார்ச் 15. வெள்ளையர் ஜோ டான் கோல்ட், மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழக கேப்டன். மற்றவர் ஜெர்ரி ஹார்க்னஸ், சிகாகோ லயோலாவின் கேப்டன்.

மிசிசிப்பியில் அப்போது எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. கறுப்பர் இருக்கிற டீமோடு அந்த மாநிலத்து வெள்ளைக் கல்லூரி எதுவும் விளையாடக் கூடாது. 1959, 1961, 1962 மூன்று வருசமும் மிசிசிப்பி ஸ்டேட் தன் வட்டாரத்தில் ஜெயித்தும் தேசியப் போட்டிக்குப் போகவில்லை. 1963இலும் ஜெயித்தார்கள். லயோலாவில் முதலில் இறங்கும் ஐந்து பேரில் நாலு பேர் கறுப்பர். இந்த முறை பல்கலைக்கழகத் தலைவர் கால்வர்ட் 'போகலாம்' என்றார். எதிர்த்தவர்கள் கோர்ட்டில் தடை வாங்கினார்கள். தடை உத்தரவு கைக்கு வந்து சேர்வதற்குள் கோச் பேப் மெக்கார்த்தி ராவோடு ராவாக எல்லை தாண்டி மெம்பிஸ் போய்விட்டார். காலையில் ரிசர்வ் பையன்களை முதலில் விமான நிலையத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள், போலீஸ் நிற்கிறதா என்று. நிற்கவில்லை என்றதும் விடுதியில் பதுங்கியிருந்த டீம் கிளம்பியது. பந்து விளையாடப் போகிறவன் கன்றுகாலி திருடப் போகிறவன் மாதிரி போக வேண்டியிருந்தது. மிச்சிகன் மாநிலத்தில் ஆட்டம். 61க்கு 51, லயோலா ஜெயித்தது. அந்த வருசத்துக் கோப்பையும் அவர்களுக்கே.

விளையாடுவதற்காக அவர்கள் ஒளிந்து ஓடினார்கள். விளையாடாமல் இருப்பதற்காக நான் ஒளிந்துகொண்டேன். முதலில் எனக்கு இதுதான் தைத்தது.

அப்புறம் கொஞ்சம் நிதானமாக யோசித்தேன். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வெள்ளைப் பையன்களின் துணிச்சலைத்தான் கூடுதலாகச் சொல்கிறார்கள். துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மேட்சுக்கு முன்னால் கொலை மிரட்டல் கடுதாசி வந்தது ஹார்க்னஸுக்கு. தெற்கே நியூ ஆர்லியன்சுக்கு ஆடப் போனால் லயோலாவின் கறுப்புப் பையன்கள் வேறு இடத்தில் தங்க வேண்டும். டீம் ஒன்று, படுக்கை வேறு. அதுமட்டுமல்ல, தைரியமாகப் புறப்பட்டுப் போனதே மிசிசிப்பி ஸ்டேட், அங்கே அன்றைக்கு ஒரு கறுப்பு மாணவர்கூடக் கிடையாது. முதல் ஆள், ரிச்சர்ட் ஹோம்ஸ், உள்ளே நுழைந்தது 1965இல். எதிர் டீமில் நிற்கிறவனுக்குக் கை கொடுக்கலாம், அதுவும் வெளியூரில். கூடப் படிக்க, கூட உட்கார்ந்து சாப்பிட என்று வரும்போது தாத்தா இருக்கிறார்.

2011இல் கோல்ட் இறந்தபோது ஹார்க்னஸ் துக்கத்துக்குப் போயிருக்கிறார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அந்தப் போட்டோவை வைத்திருந்தார்களாம். இதைப் படித்தபோது அழுகை வந்தது. எனக்காகத்தான் அழுதேன் என்று நினைக்கிறேன்.

எங்கள் டீம் அந்தச் சனிக்கிழமை நாலு பாயிண்டில் ஜெயித்தது. நான் விடுதியில் பகல் முழுக்கப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். யாராவது எட்டிப் பார்த்தால் காய்ச்சல்காரன் மாதிரி இருக்க வேண்டுமே. சாப்பிடப் போகவில்லை, காய்ச்சல்காரன் எப்படி மெஸ்ஸில் மூணு தடவை சோறு வாங்குவான்? ராத்திரி ஒன்பது மணிக்குக் கேப்டன் வந்தான். "இப்ப எப்பிடிரா இருக்கு?" என்று கேட்டான், நிஜமாகவே காய்ச்சல் என்பது மாதிரி. "பரவால்ல" என்றேன். கையில் தினத்தாளில் மடித்த பொட்டலம்.

"எங்கம்மா செஞ்சது, மாப்ள."

நாலு அதிரசம். நெய் தாளெல்லாம் ஊறியிருந்தது. அவன் போனதும் தூக்கி எறியத்தான் எழுந்தேன். ஜன்னல் வரைக்கும் போனேன். பசி. நாலையும் அங்கேயே நின்றுகொண்டு தின்றேன்.