எந்தக் காதில் கேட்கிறது?

ஏலத்தோட்டங்கள் சூழ்ந்த சக்குபள்ளத்தில், லயத்து வீடொன்றில் வாழ்ந்தான் அந்தச் சிறுவன். தேனி மாவட்டத்திலிருந்து ஏலக்காய் எடுக்கும் வேலைக்கு வந்தவர்கள் அவன் பெற்றோர். பள்ளியில் அவனுக்கு நல்ல பெயர் இல்லை. அழைத்தால் திரும்பமாட்டான், சொன்னதையே மீண்டும் கேட்பான். கவனமில்லாத மாணவன் என்று குறிப்பேட்டில் எழுதியனுப்பினர். எழுத்துக் கூட்டிப் படித்த தாய் அவனை அடித்தாள்.

இடப்பக்கம் நின்று அழைக்கும்போதுதான் அவன் திரும்புவதில்லை என்பதை அவள் பிறகே கண்டுகொண்டாள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாகத் தேனிக்குக் காது மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள்.

மருத்துவர் கையில் எடுத்தது, இரு கிளைகளாகப் பிரிந்த சிறு உலோகக் கருவி. இசைக்கவை என்பது அதன் பெயர். 1711 இல் ஜான் ஷோர் என்னும் ஆங்கிலேய இசைக்கலைஞர் சுருதி சேர்ப்பதற்காக உருவாக்கியது. நொடிக்கு 512 முறை அதிரும் அக்கவையைத் தட்டி, அதன் அடிப்பகுதியைச் சிறுவனின் நெற்றி நடுவில் வைத்தார்.

"எந்தக் காதுல சத்தமாக் கேக்குது தம்பி?"

சிறுவன் இடக்காதைத் தொட்டுக் காட்டினான். தாய் பதறினாள்.

"அந்தக் காதுதான் சார் கேக்காது! வெளையாட்டுக்குச் சொல்றான்."

"இல்லம்மா, உண்மையைத்தான் சொல்றான்" என்றார் மருத்துவர். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

அதெப்படி? நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு காதை விரலால் மூடிக்கொண்டு, வாய் திறவாமல் 'ம்ம்ம்' என்று ஒலியெழுப்புங்கள். மூடிய காதில்தான் ஓசை பெருகும். ஒலி உட்செவியை அடைய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காற்று வழியாகச் செவிப்பறையைத் தாக்கி, நடுச்செவியின் மூன்று சிற்றெலும்புகளைக் கடந்து செல்வது. மற்றொன்று, மண்டையெலும்பின் வழியே நேராகச் செல்வது. முதல் வழி அடைபட்டால் வெளியோசை குறைகிறது. எலும்பு கொண்டுவரும் ஒலி ஓங்குகிறது. செவிநரம்போ உட்செவியோ பழுதுபட்டிருந்தால், ஒலி நல்ல காதில்தான் மிகுந்து கேட்டிருக்கும். வெபர் என்னும் ஜெர்மானிய அறிஞரின் பெயரால் வழங்கும் சோதனை இது.

அடுத்து, கவையைக் காதின் பின்னெலும்பில் ஊன்றினார். ஒலி அடங்கியதும் காதருகே கொண்டுவந்தார். நல்ல காதாயின் அவ்வொலி மீண்டும் கேட்கும். சிறுவனின் இடக்காதில் கேட்கவில்லை. 1855 இல் ரின்னே என்னும் மருத்துவர் விளக்கிய முறை. பதில் சொல்ல அறியாத கைக்குழந்தைக்கு இவை உதவா; ஒலிக்கு மூளை காட்டும் மின்னலைகளைப் பதிவுசெய்யும் கருவிகள் அதற்கென உள்ளன.

காதினுள் விளக்கொளி பாய்ச்சியபோது காரணம் தெரிந்தது. ஓயாத சளியால் செவிப்பறையின் பின்னே நீர் தேங்கியிருந்தது. பெரும்பாலும் தானே வற்றிவிடும் என்றும், மூன்று மாதம் பார்த்துவிட்டுத் தேவையானால் சிறு அறுவை செய்யலாம் என்றும் மருத்துவர் கூறினார். அதுவரை வலக்காது ஆசிரியர் பக்கம் இருக்குமாறு அமர்த்தச் சொல்லிச் சீட்டெழுதிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் தாய் நெடுநேரம் பேசவில்லை. அடித்த கையாலேயே அவன் தலையைக் கோதியபடி இருந்தாள். சிறுவனோ விரலால் காதை மூடுவதும் திறப்பதுமாக, மலை ஏறும்வரை 'ம்ம்ம்' என்று ஒலியெழுப்பிக்கொண்டே வந்தான்.