பத்தொன்பது சென்டிமீட்டர்

2025 அக்டோபரில் எனக்கு இரண்டு சீசன்கள் ஒன்றாக வந்து சேர்ந்தன. காலையில் ஜப்பான், மாலையில் ஹைதராபாத். ஜப்பானின் எஸ்.வி.லீக் பெண்கள் வாலிபால் தன் இரண்டாவது சீசனை அந்த மாதம்தான் தொடங்கியது. நம் ஆடவருக்கான பிரைம் வாலிபால் லீக்கின் நான்காவது சீசன், 2ஆம் தேதியிலிருந்து 26ஆம் தேதி வரை, முழுக்க முழுக்க ஹைதராபாத் கச்சிபவுலி உள்விளையாட்டரங்கில். முன்னதற்குக் கைப்பேசி போதும். பின்னதற்கு ரயில் ஏற வேண்டும். சார்மினார் எக்ஸ்பிரஸில் ஏறினேன்.

நாம்பள்ளியில் இறங்கி, நிலையத்துக்கு அருகிலேயே ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். ஜப்பானில் பகல் ஒரு மணி என்றால் இங்கே காலை ஒன்பதரை. சனி, ஞாயிறுகளில் இரானி ஹோட்டல் மேசையில் சர்க்கரை டப்பாவின் மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்துவிட்டு, டீயும் உஸ்மானியா பிஸ்கட்டுமாக ஆட்டம் பார்ப்பது வழக்கமாயிற்று. கல்லாவில் இருந்த பெரியவர் ஒருநாள் எட்டிப் பார்த்தார். "லேடீஸ் மேட்சா? எந்த ஊரு டீம்?" என்று உருதும் தெலுங்கும் கலந்து கேட்டார். ஜப்பான் என்றேன். "பணம் குடுக்கிறாங்களா?" என்பது அடுத்த கேள்வி. விளையாட்டைப் பற்றி இதைவிடச் சரியான கேள்வியை நான் அந்தப் பயணத்தில் வேறு யாரிடமிருந்தும் கேட்கவில்லை.

கொடுக்கிறார்கள். அதைவிட முக்கியம், ஆட வைக்கிறார்கள். 2024-25இல் நடந்த முதல் எஸ்.வி.லீக் சீசனில் ஆடவர் அணிகள் 10, பெண்கள் அணிகள் 14. ஒவ்வோர் அணிக்கும் லீக் சுற்றில் மட்டும் 44 ஆட்டம். அக்டோபரில் தொடங்கி மே மாதம்வரை இழுத்த அந்த சீசனில் ஒசாகா மார்வெலஸ் பெண்கள் கோப்பையை வென்றார்கள். பிரைம் வாலிபாலில் பத்து அணிகள், எல்லாம் ஆண்கள். லீக் சுற்று, அரையிறுதி, இறுதி எல்லாம் சேர்த்து மொத்தம் 38 ஆட்டம். அங்கே ஒரே ஒரு பெண்கள் அணி ஆடுகிற எண்ணிக்கையை இங்கே பத்து ஆடவர் அணிகளும் சேர்ந்து தொடவில்லை.

நீண்ட சீசனைத் தொடர்ந்து பார்ப்பதில் ஒரு தனி ருசி இருக்கிறது. எஸ்.வி.லீக்கில் பொதுவாக சனிக்கிழமை மோதிய அதே எதிரணியோடு ஞாயிற்றுக்கிழமையும் ஆட வேண்டும். நேற்று எதிரணியின் சர்வீஸை வாங்கத் தெரியாமல் தடுமாறிய பெண், இன்று இரண்டடி பின்னால் தள்ளி நிற்பாள். நேற்று நடுவில் அடித்துப் புள்ளி குவித்தவளுக்கு இன்று இரண்டு கைகள் அல்ல, நான்கு கைகள் வலைக்கு மேலே காத்திருக்கும். ஓர் இரவுக்குள் ஒருத்தி என்ன கற்றுக்கொண்டாள் என்பது கண்ணுக்குத் தெரியும். மூன்று வாரத்தில் முடிந்துவிடும் போட்டியில் யார் நன்றாக ஆடினார்கள் என்றுதான் சொல்ல முடியும். யார் வளர்ந்தார்கள் என்று சொல்ல முடியாது.

இந்தப் பதினான்கு அணிகளின் பெயர்களைப் பார்த்தால் பாதி நம் வீட்டுப் பொருள்கள். ஹிசாமிட்சு என்பது நாம் முதுகில் ஒட்டிக்கொள்ளும் சலோன்பாஸ் செய்யும் நிறுவனம்; அதன் அணி சாகா மாகாணத்தின் ஸ்பிரிங்ஸ். டென்சோ கார் உதிரிப்பாகம். என்.இ.சி. மின்னணு. டோரே இழை நெசவு. அந்த டோரே ஏரோஸ் அணிக்குப் பின்னால் ஒரு பஞ்சாலை இருக்கிறது. அதைச் சொல்லாமல் ஜப்பான் பெண்கள் வாலிபாலைச் சொல்ல முடியாது.

ஒசாகாவுக்குத் தெற்கே கைசுகா என்ற ஊரில் நிச்சிபோ நிறுவனத்தின் ஆலை. அங்கே வேலை பார்த்த பெண்கள் பகலில் ஆலைக்குப் போய்விட்டு, மாலையில் ஆடுகளத்துக்கு வந்து, நள்ளிரவு தாண்டியும் பயிற்சி எடுத்தார்கள். பயிற்சியாளர் ஹிரோபுமி தைமாட்சு. விழுந்து, பந்தை எடுத்து, உருண்டு அதே வேகத்தில் எழுந்து நிற்கும் அந்த வித்தையை அவர் இவர்களுக்குப் பழக்கினார். 1962இல் மாஸ்கோவில் உலகப் பட்டம். அதோடு விலகிக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று பலர் இருந்தார்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் வாலிபால் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டதால் தங்கிவிட்டார்கள். அக்டோபர் 23ஆம் தேதி சோவியத் அணியை 3-0 என்று வென்றார்கள். அந்த ஆட்டத்தின் தொலைக்காட்சி பார்வை விகிதம் டோக்கியோ வட்டாரத்தில் 66.8 சதவீதம். கேப்டன் மசாயே கசாய்க்கு அப்போது வயது 31. பிறகு பிரதமர் எய்சாகு சாட்டோவே முன்னின்று அவருக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்தார்.

தைமாட்சுவின் பயிற்சி கொடூரம். அதைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கம் மில்லுக்குப் போகும் பெண்களைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் வராது. ஷிப்ட் முடிந்த உடம்பு என்ன கேட்கும் என்று தெரியும். என் கவனத்தைப் பிடித்தது தங்கத்துக்குப் பிறகு நடந்ததுதான். மூன்றே ஆண்டில், 1967இல், நிறுவன அணிகளை வைத்து ஆடவருக்கும் பெண்களுக்கும் ஜப்பான் லீக் தொடங்கிவிட்டது. 1994இல் அது வி.லீக் ஆனது. 2024இல் எஸ்.வி.லீக். நிச்சிபோ பெயர் மாறி யூனிட்டிகா ஆனது. 2000ஆம் ஆண்டு அந்த அணியை டோரே எடுத்துக்கொண்டது. பஞ்சாலைப் பெண்களின் வாரிசுகள் இன்றும் சீசன் தவறாமல் ஆடுகிறார்கள். பதக்கத்தை அலமாரியில் வைக்காமல் நாட்காட்டியாக மாற்றினார்கள்.

மாலையில் நாம்பள்ளியில் மெட்ரோ ஏறி, அமீர்பேட்டையில் மாறி, ராய்துர்க்கில் இறங்கி, ஆட்டோ பிடித்தால் கச்சிபவுலி. வழியெல்லாம் கண்ணாடிக் கட்டடங்கள், கழுத்தில் அடையாள அட்டையோடு பிள்ளைகள். அரங்கு 2009இல் உலக பேட்மின்டன் சாம்பியன்ஷிப் நடந்த இடம். 2022 பிப்ரவரியில் பிரைம் வாலிபாலின் முதல் சீசனும் இங்கேதான்; கொரோனா காலம், பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. இந்த முறை டிஜே இருந்தது, டோல் இருந்தது, ஹைதராபாத் பிளாக் ஹாக்ஸ் ஆடும் நாளில் தெலுங்கில் கத்தல் இருந்தது. செட்டுக்கு 15 புள்ளிதான். அணி கேட்டு வாங்கும் 'சூப்பர் பாயின்ட்'டில் ஒரே அடிக்கு இரண்டு புள்ளி. வேகம், வெளிச்சம், சத்தம். நன்றாகவே இருந்தது. சென்னை பிளிட்ஸுக்காக ஜெரோம் வினித் எழும்பி அடிக்கும்போது நான் இருந்த வரிசையில் தமிழில் விசில் பறந்தது.

காலரியில் டிராக் சூட் போட்ட பெண்கள் கூட்டம் ஒன்று உட்கார்ந்திருந்தது. கல்லூரி அணி. ஒவ்வொரு சர்வீஸுக்கும் முன்னால் எங்கே விழும் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் சரியாக இருந்தது. அவர்களை அழைத்து வந்தவர் செகந்திராபாத் தமிழ்ப் பெண்மணி. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் சேர்ந்து, அணிக்கு ஆடி, ஓய்வு பெற்றவர். நான் தூத்துக்குடிப் பக்கம் பள்ளி அணியில் ஆடியவள் என்றதும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"நாளைக்குக் காலைல கிரவுண்டுக்கு வாம்மா. இங்க சத்தத்துல ஒண்ணும் பேச முடியாது" என்றார்.

தென் மத்திய ரயில்வே 1966இல் உருவானது, தலைமையகம் செகந்திராபாத். இந்த ஊரில் வாலிபால் என்றால் ரயில்வேயை விட்டுப் பேச முடியாது. பேட்மின்டன் வீராங்கனை பி.வி.சிந்துவின் அப்பா பி.வி.ரமணா ரயில்வேயில் வேலை பார்த்தவர். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற இந்திய வாலிபால் அணியில் இருந்தவர். 2000இல் அர்ஜுனா விருது பெற்றவர். அம்மா பி.விஜயாவும் தேசிய அளவில் வாலிபால் ஆடியவர். அப்படிப்பட்ட வீட்டுப் பெண் செகந்திராபாத் ரயில்வே வளாகத்தில் கையில் எடுத்தது பேட்மின்டன் மட்டை. பிறகு கச்சிபவுலியில் கோபிசந்த் அகாடமி, 2016 ரியோவில் வெள்ளி, 2019இல் உலகப் பட்டம். சிந்துவின் தேர்வு அவருடையது, அதில் காரணம் தேட எனக்கு உரிமை இல்லை. ஆனால் பேட்மின்டனில் வருடம் முழுவதும் ஏதாவது ஒரு நாட்டில் ஒரு போட்டி நடந்துகொண்டே இருக்கிறது. அம்மாவின் விளையாட்டில் அப்படி ஒன்று அன்றும் இல்லை.

மறுநாள் காலை மைதானத்தில் நான்கைந்து பெண்கள் பந்தைக் கீழே விடாமல் தட்டிக்கொண்டிருந்தார்கள். என்னை வரச்சொன்ன ரயில்வே அக்கா ஓரமாகக் கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க ஆடின காலத்துல வருஷத்துக்கு எத்தனை மேட்ச் இருக்கும் அக்கா?"

"நேஷனல்ஸ் வரும், ஃபெடரேஷன் கப் வரும், ரயில்வேக்குள்ளயே மீட் வரும். மிச்ச நாள் பூரா பிராக்டிஸ்தான். ஆடினத விட ஆடறதுக்குத் தயாரானதுதான் ஜாஸ்தி."

"வருத்தமா?"

"எதுக்கு வருத்தம்? சம்பளம் வந்துச்சு, குவார்ட்டர்ஸ் கிடைச்சுது, தங்கச்சி கல்யாணத்த முடிச்சேன். வாலிபால் இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ. ஆனா ஒண்ணு. இருபத்தஞ்சு வயசுல எனக்கு என்ன ஆட வரும்னு எனக்கே முழுசா தெரியாது. தெரிஞ்சுக்கிற அளவுக்கு ஆட்டம் கிடைக்கல."

நான் காலைதோறும் கைப்பேசியில் பார்த்ததன் மறுபக்கம் இதுதான். ஜப்பான் தொடங்கிய அதே இடத்தில் நாமும் தொடங்கினோம். அங்கே ஆலை, இங்கே ரயில்வே, கேரளத்தில் மின்வாரியம், பல மாநிலங்களில் போலீஸ். வேலை கொடுத்து ஆட வைக்கிற ஏற்பாடு நம்மிடம் எப்போதோ இருக்கிறது. கேரளத்தின் கே.சி.ஏலம்மாவுக்கு 1975இலேயே அர்ஜுனா கிடைத்தது. 2019 ஜனவரியில் சென்னையில் நடந்த தேசியப் போட்டியில் பல ஆண்டுகளாகக் கோப்பையை விடாத ரயில்வேயைக் கேரளப் பெண்கள் வீழ்த்தினார்கள். அடுத்த மாதமே கொச்சியிலும் சென்னையிலும் புரோ வாலிபால் லீக் நடந்தது, சென்னை ஸ்பார்டன்ஸ் கோப்பை வென்றது. அதில் ஆடியவர்கள் ஆண்கள் மட்டும். ஜனவரியில் வென்ற பெண்கள் பிப்ரவரியில் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள். நம்மிடம் இல்லாதது திறமையோ சம்பளமோ அல்ல. அந்த இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய மாதங்கள்.

"பெண்களுக்கும் ஒரு லீக் வைத்துவிட்டால் ஆயிற்று" என்று சொல்வது சுலபம். கச்சிபவுலி அரங்குக்கே அந்த அனுபவம் உண்டு. 2016இல் புரோ கபடியோடு சேர்த்துப் பெண்கள் கபடி சேலஞ்ச் என்று ஒன்று நடத்தினார்கள். மூன்றே அணிகள். ஜூலை 31ஆம் தேதி ஆடவர் இறுதியாட்டம் நடந்த அதே மாலையில், அதே அரங்கில், ஸ்டார்ம் குயின்ஸ் அணி ஃபயர் பேர்ட்ஸை 24-23 என்று ஒரே புள்ளியில் வென்றது. தேஜஸ்வினி பாய் ஒருபுறம், மமதா பூஜாரி மறுபுறம். இதைவிட நெருக்கமான இறுதியாட்டம் கேட்டாலும் கிடைக்காது. மறுவருடம் அது நடக்கவில்லை. ஆடவர் போட்டி தொடர்ந்தது. பந்தி இலையில் ஊறுகாய்க்கு ஓர் ஓரம் உண்டு. ஆனால் ஊறுகாய்க்காக யாரும் பந்தி போடுவதில்லை.

அக்டோபர் 26ஆம் தேதி இறுதியாட்டம். பெங்களூரு டார்பிடோஸ் மும்பை மீட்டியார்ஸை 3-0 என்று முடித்துவிட்டது. காகிதத் துகள் பறந்து ஓய்ந்ததும் டிராக் சூட் பெண்கள் களத்தோரம் போய் வலைக்குக் கீழே நின்று கையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஆடவர் வலை 2.43 மீட்டர். பெண்கள் வலை 2.24. வித்தியாசம் 19 சென்டிமீட்டர். "இறக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று ஒருத்தி கேட்டாள். "அஞ்சு நிமிஷம்" என்றார் அக்கா.

வலைக்கு ஐந்து நிமிடம் போதும். அதனால்தான் அடுத்த சீசனில் ஒருநாள் பெண்கள் காட்சிப் போட்டி என்று அறிவித்துவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. மகளிர் தினத்துக்கு ஒன்று, இறுதியாட்டத்துக்கு முன்னால் ஒன்று. எனக்குக் கேட்கத் தெரிந்தது இவ்வளவுதான்: டிஜே வேண்டாம், டோல் வேண்டாம். நான்கு அணிகள் போதும். செகந்திராபாத்தில் ஒன்று, சென்னையில் ஒன்று, கோழிக்கோட்டில் ஒன்று, கொல்கத்தாவில் ஒன்று. ரயில்வேயும் மின்வாரியமும் போலீஸும் தங்கள் பெண்களுக்கு சனி, ஞாயிறு விடுப்பு கொடுக்கட்டும். சனிக்கிழமை தோற்றவள் ஞாயிற்றுக்கிழமை திருத்திக்கொள்ளட்டும். அக்டோபரில் தொடங்கினால் மார்ச்வரை போகட்டும். முதல் வருடம் காலரியில் ஐம்பது பேர் இருந்தாலும் இரண்டாம் வருடமும் நடத்துங்கள். மூன்றாம் வருடம் இரானி ஹோட்டல் பெரியவர் பணம் கொடுக்கிறார்களா என்று கேட்க மாட்டார். எந்த டீம் முன்னால் இருக்கிறது என்று கேட்பார்.