உள்ளே இற்றுப்போன குழாய்

பழைய தோற்பையில் புதிய திராட்சை இரசத்தை ஊற்றினால் தோற்பை வெடிக்கும் என்று நம் ஆண்டவர் கூறிய உவமையைச் சிறுவயது முதல் திருப்பலிகளில் கேட்டே வளர்ந்தோம். அதன் பொருளை ஒரு ரப்பர் குழாய் எங்களுக்கு உணர்த்தும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

தந்தையார் இறைவனடி சேர்ந்தபின் அவருடைய அம்பாசடர் வண்டி பழனியில் எங்கள் வீட்டு முற்றத்திலேயே நின்றது. அவ்வண்டியின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆயினும் தந்தையின் கைபட்டது என்பதால் விற்க மனம் வரவில்லை. சகோதரர் இருவருக்கும் அது பொதுச்சொத்து. பொதுச்சொத்துக்கு நேரும் கதியே அதற்கும் நேர்ந்தது. எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குச் சுடுநீரைக் கொண்டுசெல்லும் மேற்குழாய் உப்பியிருந்ததை இருவருமே கண்டோம். தம்பி மாற்றுவான் என்று அண்ணனும், அண்ணன் மாற்றுவார் என்று தம்பியும் இருந்துவிட்டோம்.

அன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவாகிய ஆகஸ்டு 15 அன்று, கொடைக்கானல் சலேத் அன்னை ஆலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுவதாக எங்கள் தாயார் நேர்ந்திருந்தார். முந்தின மாலை வண்டியைக் கழுவி மெருகேற்றினோம். கண்ணாடியில் புதுச் செபமாலை தொங்கவிட்டோம். பழனியிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர், பெரும்பகுதி மலையேற்றம். கொண்டை ஊசி வளைவொன்றைக் கடந்ததும் வெப்பமானியின் முள் எல்லையைத் தொட்டது. முன்மூடியின் இடுக்கில் ஆவி பறந்தது.

பதற்றத்தில், செய்யத் தகாததைச் செய்தோம். ரேடியேட்டரின் மூடி நீரை அழுத்தத்தில் வைத்திருப்பதால், 100 பாகை செல்சியசைத் தாண்டியும் அது கொதியாமல் இருக்கும். மூடி திறந்த கணமே கொதித்துப் பீறிடும். எங்களுள் இளையவரின் முன்கை வெந்தது. குடிக்க வைத்திருந்த நீரையெல்லாம் அக்கையில் ஊற்றினோம். தாயார் கடிந்துகொள்ளவில்லை. "ஏம்ப்பா, அப்பா போனதுக்கப்புறம் இந்தப் பானட்டை யாராவது திறந்து பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். மறுமொழி சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. வழியில் வந்த லாரி ஒன்றின் உதவியால் வீடு திரும்பினோம். விழா எங்களுக்கு நடுவழியிலேயே முடிந்தது.

கை ஆறியபின், ஒரு சனிக்கிழமை காலையில், எஞ்சின் முற்றும் குளிர்ந்திருக்கையில் இருவரும் முற்றத்தில் அமர்ந்தோம். அடியிலுள்ள திருகைத் திறந்து நீரை வாளியில் பிடித்தோம். அதில் கலந்திருந்த கூலண்ட் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. தெருநாய் நக்கினாலும் உயிர் போகும். ஆகவே வாளியை மூடி அப்பால் வைத்தோம். திருப்புளியால் கிளிப்புகளைத் தளர்த்தியும் குழாய் அசையவில்லை. முறுக்கி இழுத்தால் ரேடியேட்டரின் மெல்லிய கழுத்து வளைந்துவிடும். எனவே குழாயை நீளவாக்கில் கத்தியால் கீறி உரித்தோம்.

கீறிய குழாயை விரித்துப் பார்த்தபோது திகைத்தோம். வெளிப்புறத்தில் ஓர் உப்பலும் ஒரு சிறு வெடிப்பும் மட்டுமே. உட்புறமோ வறண்ட குளத்தின் தரைபோல் எங்கும் பிளந்திருந்தது. அது ஒரே நாளில் நேர்ந்ததன்று. ஆண்டுக்கணக்கில் வெப்பமும் அழுத்தமும் உள்ளிருந்தே அதைத் தின்றிருந்தன. நாங்கள் மெருகேற்றியதோ வண்டியின் வெளிப்புறத்தை!

கழுத்தில் படிந்த துருவையும் அழுக்கையும் உப்புத்தாளால் தேய்த்தெடுத்தோம். எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும் என்பதால் குழாயின் முனையை நீரால் மட்டுமே நனைத்தோம். கிளிப்புகளை முன்னதாகவே கோத்துக் குழாயைச் செருகி, கழுத்தின் விளிம்பு மேட்டுக்கு அப்பால் அவற்றை நிறுத்தி இறுக்கினோம். அளவுக்கு மீறி இறுக்கினால் புதுக்குழாயும் அறுபடும். கீழ்க்குழாயும் நொய்ந்திருந்தது, அதையும் மாற்றினோம். நீர் ஊற்றி, மூடியின்றியே எஞ்சினை ஓடவிட்டோம். உள்ளே சிக்கிய காற்று குமிழ் குமிழாக வெளியேற, நீர் தாழ்ந்தது; மீண்டும் நிரப்பி மூடினோம். ஓட்டிப் பார்த்து, ஆறியபின் மறுபடியும் அளவு பார்த்தோம்.

ஒருவர் குழாயைப் பிடிக்க மற்றவர் திருகிய அந்த இரண்டு மணி நேரத்தில், தந்தையின் மறைவுக்குப் பின் பேசாதிருந்த பலவற்றைப் பேசினோம். "நீ பார்ப்பாய் என்றிருந்தேன்" என்பதை இருவருமே சொன்னோம். வண்டியைக் குறித்து மட்டும் சொன்னதன்று அது, தாயாரையும் குறித்ததே. அவருடைய மருந்தையும் தனிமையையும் இப்படித்தான் ஒருவர்மேல் ஒருவர் சாத்தியிருந்தோம்.

மறுவாரம் தாயாருடன் மலையேறினோம். விழாக்கூட்டம் கலைந்து ஆலயம் அமைதியாயிருந்தது. அவர் ஏற்றிய மெழுகுவர்த்தி தனியே எரிந்தது.

ஒப்புரவு அருட்சாதனத்துக்கு முன் ஆன்ம சோதனை செய்யும்படி திருச்சபை நமக்குக் கற்பிக்கிறது. வெளியே பளபளக்கும் உள்ளத்தையும் கீறிப் பார்த்தால்தான் பிளவு தெரியும்; அதுவும் சூடு தணிந்தபின், பொறுமையோடு பார்க்கவேண்டும். இப்போதெல்லாம் மாதத்தின் முதல் சனிக்கிழமையில் இருவரும் சேர்ந்தே பானட்டைத் திறக்கிறோம். தாயார் திண்ணையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.